நாற்காலியில் செத்த ராஜா

வேஷம் கட்டுகிறவனுக்குக் கைதட்டல், நாடகத்தை நடத்துகிறவனுக்குக் கண்டவன் காலைப் பிடிக்கிற வேலை. நடத்திப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மடுவம்

ஐம்பதுகளில் இலங்கை மலைநாட்டில், கொட்டகலைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மழைக்கு ஒதுங்கி நாடகம் போட ஒரே இடம், கொழுந்து நிறுக்கும் மடுவம். சாவி பெரிய கணக்கப்பிள்ளையிடம். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குக் கொஞ்சம் பிந்தியதற்கு எனக்கு அரைப் பேர் போட்டு அரைநாள் சம்பளத்தை வெட்டிய மனுஷன், நான் மறக்கவில்லை. நாடகத்தில் கெட்டவன் யார் என்று கேட்டார். மந்திரி என்றேன். அவன் கணக்கு எழுதுவானா என்றார். இல்லை என்றதும்தான் முகம் தெளிந்தது.

"சரி, எடுத்துக்க. தோட்டத்துத் தொரையைக் கூட்டிட்டு வர்றேன். அவரு நடுவுல எந்திரிச்சுப் போனாருன்னா, அடுத்த வருஷம் மழையிலதான் ஆடணும்."

பட்டு

ராஜாவுக்கு ஹட்டன் துணிக்கடை முதலாளி பட்டு இரவல் தந்தார். கடைசியில் மந்திரி குத்தி ராஜா கீழே விழுவார் என்று வாயை விட்டேன். உடனே பட்டைப் பிடுங்கிக்கொண்டார். ராஜா நாற்காலியிலேயே சாவார் என்று சத்தியம் செய்த பிறகுதான் திரும்பக் கொடுத்தார்.

"ராஜா சாகட்டும், நான் வேணாங்கல. பட்டுல மண்ணு ஒட்டாமச் சாகச் சொல்லுங்க."

துரை வந்தார்

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு வர வேண்டிய துரையை நாலு மணியாகியும் காணோம். சனம் கூச்சல் போட்டது, ஆரம்பித்துவிட்டேன். ராஜா நாற்காலியில் சாய்ந்து செத்து, பெண்கள் மூக்கைச் சிந்தும்போது கார் வந்தது. கணக்கப்பிள்ளை ஓடிவந்து, முதலிலிருந்து ஆடச் சொன்னார். செத்த ராஜா கண்ணைத் திறந்து கிரீடத்தைச் சரிசெய்துகொண்டார். முன்வரிசையில் இருந்த கொழுந்தெடுக்கும் பேச்சாயி அக்காவுக்குக் கோபம்.

"எங்கிட்ட இனிக் கண்ணீரு இல்ல தம்பி. இந்த வாட்டி மந்திரியக் கொல்லுங்க."

மந்திரி

இரண்டாம் காட்சியிலேயே துரை கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கையில் எடுத்தார். அவர் எழுந்தால் மடுவம் போச்சு. இப்போதே மந்திரியைக் குத்தி முடிக்கும்படி, படுதாவுக்குப் பின்னாலிருந்து ராஜாவுக்குச் சொன்னேன். ராஜா வாளை உருவினார். விஷயம் தெரியாத மந்திரி அலறிக்கொண்டே செத்தான்.

"அண்ணே, நான் இன்னும் துரோகமே பண்ணலியே."

மாலை

முழு நாடகமும் பார்த்த திருப்தியில் துரை கைதட்டிவிட்டுப் போனார். மாலை கணக்கப்பிள்ளை கழுத்தில் விழுந்தது. அதைக் கழற்றாமலே என்னிடம் வந்தார்.

"மடுவம் அடுத்த வருஷமும் ஒனக்குத்தான். ராஜா வேஷம் மட்டும் எம் மச்சானுக்கு."

பதினோரு வருஷம் நாடகம் நடத்தி எத்தனையோ மந்திரிகளைக் கொன்றேன். ஒரு கணக்கப்பிள்ளையை என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.