கண்டல்காட்டில் என் இங்கிலீஷ்

நான் ஓர் இங்கிலீஷ் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தவன். பொய். படித்தது மகள். நான் பக்கத்தில் உட்கார்ந்து வலையிலிருந்து நண்டு கழற்றிக்கொண்டிருந்தேன். இதையும் அவள்தான் எழுதுகிறாள். நான் கொச்சையாகச் சொல்வதை நல்ல தமிழாக்கிவிடுகிறாள். என் கையெழுத்து ரேஷன் கடைக்கு மட்டுமே போதும்.

எங்கள் கடற்கரை ஊரான காரங்காட்டில், உப்புச் சேற்றில் வளரும் கண்டல் மரங்களுக்குள்ளே சுற்றுலாப் படகு ஓடுகிறது. வெளிநாட்டுக்காரர்கள் வர ஆரம்பித்ததும், இங்கிலீஷில் பேசிக் கூட்டிப்போக ஒரு படகுக்காரர் வேண்டும் என்றார்கள் வனத்துறைக்காரர்கள். ஒரே ஓர் ஆள். அதிகாரி அம்மா ஒருவர் வந்து, எங்கள் படகுகளில் ஏறி, பேச்சைக் கேட்டுத் தேர்ந்தெடுப்பார். என் முழங்கால் இன்னொரு வருஷம் கடலைத் தாங்காது. இந்த வேலை கிடைக்காவிட்டால் வீட்டில் உட்கார்ந்து மனைவியின் வாயைத் தாங்க வேண்டும். அதற்கு முழங்கால் மட்டும் போதாது.

கையில் பத்து நாள். வீட்டில் இருந்த ஒரே இங்கிலீஷ் புத்தகம் மகள் பள்ளி நூலகத்தில் எடுத்து வந்தது. அகதிப் பிள்ளைகள் புது ஊரில் பள்ளிக்கூடம் போகிற கதைகள்.

"இதுல பறவை, மரமெல்லாம் வராதுப்பா," என்றாள்.

"இங்கிலீஷ்தானத்தா? எதுவா இருந்தா என்ன, வாசி."

காலையில் வலையை முற்றத்தில் விரித்ததும் பாடம் தொடங்கும். ஒரு நண்டுக்கு ஒரு வார்த்தை. கொடுக்கு விரலைக் கவ்வும்போது கேட்ட வார்த்தை ஆயுசுக்கும் மறக்காது. 'ஷெல்டர்' என் கட்டைவிரலில் இருக்கிறது. 'பெர்மிஷன்' சுண்டுவிரலில். இப்போதும் யாராவது பெர்மிஷன் என்றால் சுண்டுவிரலை மடக்கிக்கொள்வேன்.

மனைவி எதிரே உட்கார்ந்து நண்டைத் தரம் பிரிப்பாள். அவள் இலங்கை மன்னாரில் பிறந்து, சிறுபிள்ளையில் படகேறி வந்து, அகதி முகாமில் வளர்ந்தவள். முகாமுக்கு மீன் விற்கப் போய்ப் போய் நான் கட்டிக்கொண்டு வந்தேன். இத்தனை வருஷம் ஆகியும் எங்கள் ஊர்ப் பேச்சு அவள் வாயில் ஏறவில்லை.

"'டெம்பரரி'ன்னா கொஞ்ச நாளைக்கு மட்டும்," என்றாள் மகள்.

மனைவி சிரித்தாள். "முகாமில எங்களுக்கு வீடு தரக்குள்ளயும் அப்பிடித்தான் சொன்னவை. அந்தக் கூரைக்குக் கீழதான் நான் வயசுக்கு வந்தனான்."

"'க்யூ'ன்னா வரிசை."

"அதை எனக்குப் படிப்பிக்க வேணாம். தண்ணிக்கு நிண்டு நிண்டு என்ர கால் வளைஞ்சதே அதாலதான்."

அடுத்த கதையில் ஒரு பையன் புதுப் பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருக்கிறான். பாஷை புரியவில்லை. 'ஹோம்சிக்' என்று மகள் வாசித்தாள், வீட்டு ஏக்கம் என்றாள். மனைவியிடமிருந்து கேலி வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

"நானும் கடைசி வாங்கிலதான் இருந்தனான்," என்றாள். "தமிழ்ப் பள்ளிக்கூடம்தான். ஆனா நான் வாய் திறந்தா எல்லாரும் சிரிப்பினம். ஒரு வருசம் ஒண்டும் கதைக்கேல்ல."

"நீயா? ஒரு வருசமா?"

"ஓம். அந்த மிச்சத்தைத்தான் இப்ப உங்களிட்டக் கதைக்கிறன்."

இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியும் நான் கேட்காத சங்கதியை ஒரு நூலகப் புத்தகம் கேட்டு வாங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்து நண்டு கவ்வியது. ஹோம்சிக் நடுவிரலில் ஏறியது.

தேர்வு நாள் வந்தது. எனக்கு முன்னால் போன படகுக்காரர் பன்னிரண்டு படித்தவர். பறவைகளின் இங்கிலீஷ் பெயர்களை மூச்சு விடாமல் ஒப்பித்தார் என்று கரையில் பேச்சு. அதிகாரி அம்மா அடுத்து என் படகில் ஏறி, "ம், ஆரம்பிங்க," என்றார்.

வாயைத் திறந்தபோதுதான் விபரீதம் புரிந்தது. மரத்துக்கு வார்த்தை இல்லை. சேற்றுக்கு இல்லை. என்னிடம் இருந்தது முழுக்க அகதிச் சரக்கு. கண்டல்காட்டைக் கைகாட்டினேன்.

"வெல்கம் மேடம். திஸ் கேம்ப்."

அவர் புருவம் ஏறியது. நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறந்துபோகும்.

"பேர்ட் கமிங், ஃபார் கன்ட்ரி. நோ பெர்மிஷன். நோ லக்கேஜ். டெம்பரரி ஷெல்டர்." நாரைகள் மீனுக்காக வரிசையாக நின்றன. "மேடம், க்யூ!" தூரத்தில் ஒரு பறவை மட்டும் தனியாக ஒற்றைக் காலில் நின்றது. "நியூ ஸ்டூடன்ட். லாஸ்ட் பெஞ்ச். லாங்வேஜ் நோ. ஹோம்சிக்."

கண்டல் காய் ஒன்று தண்ணீரில் மிதந்து போனது. போகிற இடத்தில் சேறு கிடைத்தால் அங்கேயே வேர் விடும். அதற்கு என்னிடம் ஏதாவது இருக்கிறதா என்று விரல் விரலாகத் தேடினேன். மோதிர விரலில் இருந்தது, புது ஊரில் குடியேறுவதற்கான வார்த்தை.

"ரீசெட்டில்மென்ட், மேடம்."

அவர் சிரிக்கவில்லை, எழுதவும் இல்லை. போச்சு, வீடும் மனைவியின் வாயும்தான் என்று நினைத்தேன். பிறகு அவர் இங்கிலீஷில் நீளமாக ஒரு கேள்வி கேட்டார். அதில் எனக்குப் பிடிபட்டது ஹோம்சிக் ஒன்றுதான். அந்தப் பறவைக்கு ஏக்கம் என்று எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிறார் போல. தெரிந்த பதிலைச் சொன்னேன்.

"மை ஒய்ஃப், மேடம்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்து—

"இஞ்சாருங்கோ! இன்னும் பிள்ளைக்குக் கதை சொல்லி எழுதுவிக்கிறியளோ? வெள்ளக்காரர் நாலு பேர் படகுத்துறையில நிக்கினம். இங்கிலீஷ் படகுக்காரர் எங்க எண்டு ஊரெல்லாம் தேடுதுகள்!"

"இந்தா வாரேன்!"

"லைஃப் ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு ஓடுங்கோ. பிறகு, அந்தப் பறவையைக் காட்டி என்ர கதையைச் சொல்லாதேங்கோ!"

"அதச் சொல்லாம என்னத்தச் சொல்ல? ஏத்தா, பேனாவ மூடு."