மிச்சம் இருந்த ஒரே ஊசி

என் வீட்டுக்காரர் போடியிலிருந்து குரங்கணிக்கு ஜீப் ஓட்டினார். ஏறும்போது ஆட்களும் அரிசியும், இறங்கும்போது ஏலக்காய் மூட்டை. வண்டியில் டீசல் இருக்குமோ இருக்காதோ, மருந்துக்கடையில் வாங்கிய, கிருமியைக் கொல்லும் கேப்சூல் இருக்கும். சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு எல்லாவற்றுக்கும் அதுதான். அரிவாள் பட்டுவிட்டது என்று யாராவது வந்தால் மூடியைக் கழற்றிப் பொடியைக் காயத்தில் தூவிவிடுவார். டாக்டருக்குப் படிக்காத குறைதான் என்று நான் கிண்டல் செய்வேன். அவருக்கு அதில் பெருமைதான்.

எண்பதுகளின் நடுவில் ஒரு மழைக்காலத்தில் ஜீப் வளைவில் உருண்டது. விலா எலும்புகள் நொறுங்கி, மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவில் மூச்சு மிஷினோடு கிடந்தார். கொஞ்சம் தேறி வருகிறார் என்று நினைத்தபோது நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் ஏறியது. ஊசியை மாற்றி மாற்றிப் போட்டார்கள். ஒன்றுக்கும் கேட்கவில்லை.

அங்கிருந்த டாக்டரம்மா என்னை வெளியே கூப்பிட்டார். சளியை எடுத்துச் சோதித்ததில், போட்ட எந்த மருந்துக்கும் கிருமி சாகவில்லையாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எல்லாம் அந்த மனுசன் தின்ன கேப்சூலால வந்த வெனை. சொன்னாக் கேட்டாத்தானே?" என்று அங்கேயே கொட்டித் தீர்த்தேன்.

"அது நல்ல பழக்கம் இல்லம்மா. ஆனா இந்தக் கிருமி அவர் கொண்டாந்தது இல்ல. எங்க வார்டுலயே இருக்குறது. பக்கத்துப் படுக்கைக்காரருக்கும் இதேதான். நாங்க போடுற மருந்துக்கெல்லாம் தப்பிச்சுத் தப்பிச்சு நிக்குது" என்றார்.

இப்படி ஒத்துக்கொள்கிற டாக்டரை நான் அதுவரை பார்த்ததில்லை. அவரைத் திட்ட வாய் வரவில்லை.

இன்னும் போட்டுப் பார்க்காத ஒரே ஒரு ஊசி மிச்சம் இருந்தது. கிருமியைக் கொல்லும், ஆனால் காதையும் கெடுத்துவிடலாம். போடட்டுமா என்று டாக்டரம்மா கேட்டார். கூட வந்திருந்த என் அண்ணன் இழுத்தார்.

"யோசிச்சுச் சொல்லுத்தா. மலையில எதிர்ல வர்றவன் ஆரன் சத்தம் கேக்கலைன்னா வண்டிய எப்படி ஓட்டுவாரு? அவருக்கு வேற சோலியும் தெரியாதே."

அண்ணன் சொன்னது நியாயம்தான். ஆனால் எனக்கு அவர் உயிரோடு வேண்டும்.

"மொதல்ல ஆளு பொழைக்கட்டும்ணே. காதுக்கு அப்புறம் அழுதுக்கறேன். வெரசா ஊசியப் போடச் சொல்லு" என்றேன்.

காய்ச்சல் மெல்ல இறங்கியது. பக்கத்துப் படுக்கைக்காரர் பிழைக்கவில்லை.

என் வீட்டுக்காரரின் தொண்டைக் குழாயை எடுத்த மறுநாள் எங்களை உள்ளே விட்டார்கள். கையைக் காட்டித் தண்ணீர் கேட்டார், குடித்தார். நானும் அண்ணனும் மாறி மாறிப் பேசினோம். ஜீப்பை மெக்கானிக்கிடம் விட்டிருப்பதாக அண்ணன் சொன்னார். அவர் எங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நர்சின் வாயைப் பார்த்தார்.

"ஏன் புள்ள, எல்லாரும் வாயை மட்டும் அசைக்கிறீங்க? இங்க சத்தமாப் பேசக் கூடாதா?" என்று கரகரத்த குரலில் கத்தினார். வார்டே திரும்பிப் பார்த்தது.

ஆமாம் என்று தலையாட்டினேன்.