நீலக்கட்டியும் நொண்டிச் சூரனும்

ஏற்காடு மலையில் மஞ்சக்குட்டைப் பக்கத்துக் காப்பி எஸ்டேட்டுகளில் எலிக்கு மருந்து வைக்கத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் இருந்தார்கள். எலியைச் சாகடிக்கத் தெரிந்தவர் கருப்பண்ணன் ஒருத்தர்தான். இதை யாரும் மறுத்ததில்லை. மறுத்தவர்களை அவர் சும்மா விட்டதுமில்லை.

மலைக்குக் கீழே சேலம் பக்கமிருந்து பிழைக்க வந்த குடும்பம் அவருடையது. இரண்டாம் வகுப்போடு சிலேட்டைக் கவிழ்த்துவிட்டுக் காப்பிக் கூடை தூக்கினார், குழி வெட்டினார், செடிகளுக்குக் கவாத்து அடித்தார். கடைசியில் ஸ்டோர் சாவி இடுப்பில் குலுங்க நடக்கிற மருந்துக்காரரானார். ஒருத்தரும் கைதூக்கி விட்டதில்லை. ராகி மாவை வறுத்து, கருவாட்டைப் பொடித்துப் போட்டு, கடலை எண்ணெய் விட்டுப் பிசைந்து, அதில் கறுப்பு விஷத்தூளைக் கலக்கிற பக்குவம் அவராகவே கண்டது. அந்த உருண்டையைத் திறந்த வெளியில் வைக்கமாட்டார். மூங்கில் குழாய்க்குள் ஆழமாகத் தள்ளி வைப்பார். எலி நுழையும்; நாயின் மூக்கு நுழையாது; காக்காயின் அலகு எட்டாது. விடிந்ததும் செத்த எலிகளைத் தேடிப் பொறுக்கிப் புதைத்துவிட்டுத்தான் டீ குடிப்பார்.

"வாயில்லாச் சீவன் ஒண்ணு என்ற மருந்துல செத்துதுன்னு எவனாவது சொல்லட்டும், மீசைய எடுத்துப்போடறேன்" என்பார்.

"அப்ப எலிக்கு வாய் இருக்குதுங்களாண்ணா?" என்று கேட்பாள் பக்கத்து வீட்டுக் கிருஷ்ணம்மாள். காப்பிக்கொட்டை பொறுக்குகிற வேலை அவளுக்கு. புருஷன் போனபின் அவள் வீட்டில் இருந்த ஒரே துணை சூரன் என்கிற செவலை நாய். காட்டுப்பன்றி முட்டியதில் பின்னங்கால் ஒன்று விளங்காமல் போய், மூன்று காலால் தத்தித் தத்தி நடக்கும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு மழைக்காலத்தில் எஸ்டேட்டுக்குப் புது மருந்து வந்தது. துணி சோப்பை நறுக்கினாற்போல நீலநிறக் கட்டி.

"வறுக்கறது பிசையறது ஒண்ணும் வேண்டாம் கருப்பண்ணா. அப்பிடியே வெச்சாப் போதும்" என்றார் எஸ்டேட் கணக்கு எழுதுகிற ரைட்டர்.

பக்குவம் தேவைப்படாத மருந்தா? கருப்பண்ணனுக்கு அது வயிற்றெரிச்சலாக இருந்தது. இருந்தாலும் அதையும் குழாய்க்குள் வைத்தார். விடிந்து பார்த்தால் கட்டிகளை எலிகள் தின்று தீர்த்திருந்தன. ஆனால் ஒரு எலிகூட விழவில்லை. மறுநாளும் அப்படியே. கறுப்புத்தூள் என்றால் ராத்திரியே கதை முடிந்திருக்கும்.

"எலிக்கு மிட்டாய் வாங்கியாந்திருக்கறாங்க" என்று வீட்டுக்காரி பொன்னாயியிடம் பொருமினார். 'இது ஏமாத்து மருந்து' என்று முடிவுகட்டி, இன்னும் நிறையக் கட்டிகளை வைத்தார். பொறுக்க எலி இல்லாததால் காலையில் தேடிப் போவதையும் விட்டுவிட்டார்.

அந்த வாரம்தான் நொண்டிச் சூரனுக்குத் திடீரென்று வீரம் வந்தது. பட்டப்பகலில் எலி பிடிக்க ஆரம்பித்தது. ஸ்டோர் சுவரோரம் ஒன்று, கால்வாய்ப் பக்கம் ஒன்று என்று கவ்விக்கொண்டு வந்து, வாசலில் போட்டுக் காட்டிவிட்டு, நிதானமாகத் தின்றது. வீடுகளிலிருந்து எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள்.

"ஏனுங்கண்ணா, அந்த ஸ்டோர் சாவிய என்ற நாயி கழுத்துல கட்டிரலாங்களா?" என்று கிருஷ்ணம்மாள் கேட்டதும் பொன்னாயியே சிரித்துவிட்டாள்.

கருப்பண்ணனுக்குப் பொறுக்கவில்லை. மூன்று கால் நாய் தன் பேரைத் தட்டிக்கொண்டு போவதா?

அந்த வீரம் நிலைக்கவில்லை. ஒருநாள் காலையில் சூரன் எழவில்லை. ஈறு வெளுத்து, மூக்கில் ரத்தம் கசிந்தது. கிருஷ்ணம்மாளின் கூப்பாட்டில் கூட்டம் கூடியது. ரத்தம் வருகிறதென்றால் விரியன் பாம்புதான் கடித்திருக்கும் என்றார்கள். மாரமங்கலத்தில் விஷக்கடிக்கு வேர் கொடுக்கிற பெரியண்ணனைக் கூட்டிவர ஆள் ஓடியது. அவள் நாயின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "சாமி, கண்ணத் தொற சாமி" என்று அழுதாள்.

கருப்பண்ணனுக்கு மனசு கேட்கவில்லை. நாய்க்குத் தண்ணீர் கொண்டுவரச் சொம்போடு கால்வாய்க்குப் போனார். அங்கே ஓர் எலி உட்கார்ந்திருந்தது. அவர் செருப்பு பக்கத்தில் வந்தும் ஓடவில்லை. தண்ணீரைப் பார்த்தபடி நடுங்கிக்கொண்டிருந்தது. அதன் மூக்கிலும் ரத்தம்.

முதலில் அவருக்கு வந்தது சந்தோஷம்தான். மருந்து, நாள் கழித்தென்றாலும், வேலை செய்திருக்கிறது! நாயின் சாமர்த்தியம் ஒன்றுமில்லை. ஓட முடியாத எலியை யார்தான் பிடிக்க மாட்டார்கள்? இதை எல்லோருக்கும் முன்னால் சொல்லவேண்டும் என்று திரும்பியவர் பாதி வழியில் நின்றுவிட்டார். எலிக்குள் இருந்தது மருந்து. அந்த எலிகள் எல்லாம் இப்போது சூரனுக்குள். குழாய்க்குள் மூக்கை நுழைக்காமலே நாய் அவர் மருந்தைத் தின்றிருந்தது.

கால்வாயோரம் திரும்பி வந்து பார்த்தார். எலி இன்னும் அதே இடத்தில் இருந்தது. இத்தனை வருஷத்தில் அவர் பார்த்ததெல்லாம் செத்த எலிகள். சாகிற எலியை உட்கார்ந்து பார்த்ததில்லை. ஒரு கல்லை எடுத்து அதன் அவஸ்தையை முடித்துவைத்துவிட்டு, நேராக ஸ்டோருக்கு ஓடினார்.

"விரியனுமில்ல ஒண்ணுமில்ல. என்ற மருந்து!" கையில் நீலக்கட்டியோடு கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். "நாயத் தூக்குங்க, ஆஸ்பத்திரிக்கு."

கிருஷ்ணம்மாள் அவர் முகத்தையே பார்த்தாள். மீசையைப் பற்றி அவள் வாய் திறக்கவில்லை. அதுதான் அவருக்கு அதிகமாகச் சுட்டது.

ஏற்காடு போகிற ஜீப்பில், ரத்தம் ஒழுகுகிற நாயை ஏற்றமாட்டேன் என்றான் டிரைவர் மாதேஸ்வரன்.

"தம்பி, இதுல நாயி உசுரு மட்டுமில்ல, என்ற பேரும் தொங்குது. நீ வண்டிய எடு" என்று தன் தோள் துண்டையே சீட்டில் விரித்தார் கருப்பண்ணன்.

கால்நடை ஆஸ்பத்திரி டாக்டரம்மா கட்டியைப் பார்த்ததும், "நல்லவேளை இதக் கொண்டாந்தீங்க. இது ரத்தத்த உறையவிடாத விஷம். இதுக்கு மாத்து மருந்து இருக்கு" என்று ஊசி போட்டார். பல வாரத்துக்கு மாத்திரை கொடுக்கவேண்டும், ஒரு வேளையும் தவறக்கூடாது என்று எச்சரித்தார்.

ஊர் திரும்பியதும் கருப்பண்ணன் குழாய்களை ஒன்று விடாமல் பிடுங்கி, மிச்சக் கட்டிகளை ரைட்டர் மேஜையில் குவித்தார்.

"அப்ப எலிய என்னய்யா பண்றது?"

"பொறி வெச்சுப் புடிக்கறனுங்க. என்னளவு பொறி வெக்க இந்த மலையில ஆளில்லீங்க."

ஆனால் சூரன் மாத்திரையைத் தொடவில்லை. சோற்றில் வைத்தால் துப்பியது. பாலில் கரைத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. கருப்பண்ணன் ராகி மாவை வறுத்தார். கருவாட்டைப் பொடித்தார். கடலை எண்ணெய் விட்டுப் பிசைந்து, மாத்திரைகளை உள்ளே வைத்து உருண்டைகளாக உருட்டித் தட்டில் எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனார். வாசனை பட்டதுமே சூரன் தலையைத் தூக்கியது.

கிருஷ்ணம்மாள் குறுக்கே கையை நீட்டினாள். "உங்க கை உருண்டைங்களாண்ணா? மொதல்ல நீங்க தின்னுங்க."

அவர் தட்டிலிருந்து ஓர் உருண்டையை எடுத்து வாயில் போட்டு, அவள் பார்க்கப் பார்க்க மென்று விழுங்கினார். அப்புறம்தான் அவள் கையை எடுத்தாள். சூரன் அடுத்த உருண்டையைத் தின்றுவிட்டு, மிச்சத்துக்காக அவர் விரல்களை நக்கியது.

"பாத்தியா அம்மணி, என்ற பக்குவம்!" என்றார் கருப்பண்ணன். குரல் மட்டும் வழக்கம்போல ஓங்கி வரவில்லை. "உப்புத்தான் ஒரு கல்லு கம்மி."