பஞ்சு படிந்த குரல்

நூற்பாலையில் அவளுக்குச் ‘சங்கு’ என்று பெயர். ஷிப்டு முடியும் சங்கையும் மீறிக் கேட்கும் தொண்டை. வேலைநிறுத்தத்தின்போது ஆலை வாசலில் அவள் எடுத்துக் கொடுத்த பாட்டைத்தான் அத்தனை பேரும் திருப்பிப் பாடினார்கள். வீட்டுப் பாட்டுகள் வேறு. அவை அதே ஆலையில் ஃபிட்டராக இருந்த கணவனைச் சீண்டியும் கொஞ்சியும் கட்டியவை. கடவுள் கொடுத்த குரல் என்றார்கள். நுரையீரலில் படிந்த பஞ்சை யார் கொடுத்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. இருமிக்கொண்டு போனவர்களுக்கெல்லாம் ஆலை டாக்டர் ‘சளி’ என்றே எழுதினார். அந்தச் சளியில்தான் அவளுடைய அக்கா போய்ச் சேர்ந்தாள்.

ஆகவே, பாட்டுகளை ஆல்பமாகப் போடலாம் என்று ஒரு கம்பெனி தேடி வந்தபோது, அவளுக்கு ஒரே ஓர் ஆசைதான் இருந்தது. பஞ்சு என்ன செய்யும் என்பதை ஊர் உலகம் காதால் கேட்க வேண்டும்.

ஒலிப்பதிவு அன்று, போராட்டப் பாட்டின் நடுவில் அவளுக்கு இருமல் வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்த ஒலிப்பதிவாளர் கையை உயர்த்தினார்.

“அக்கா, இருமல் விழுந்துடுச்சு. இன்னொரு தடவை போயிடலாம்.”

“விழட்டும் தம்பி. அதுவும் பாட்டுதான். வெட்டி எடுத்துடாதீங்க.”

“சரிக்கா, சரிக்கா.”

“ரெண்டு தடவை சரின்னா முடியாதுன்னு அர்த்தம்,” என்றான் மூலையில் ஃபிளாஸ்க்கோடு உட்கார்ந்திருந்த கணவன். “எங்க சூப்பர்வைசரும் இப்படித்தான்.”

அவன் சொன்னதே நடந்தது. போராட்டப் பாட்டுகள் ஓர் இருமல்கூட இல்லாமல் துடைத்த கண்ணாடியாக வெளிவந்தன. ஒரு காதல் பாட்டில் மட்டும், வேலை முடிந்தும் வராத கணவனைத் தேடும் வரியில், மூச்சு முறிந்து குரல் உடைவதை விட்டுவைத்திருந்தார்கள். அந்த உடைவுக்காகவே ஆல்பம் பறந்தது. டீக்கடை, பஸ், கைப்பேசி, எங்கும் அதுதான். ‘காதலின் விம்மல்’ என்று பத்திரிகைகள் உருகின. ஆலை முதலாளி வீட்டுக் கல்யாணத்திலும் போட்டார்களாம்!

“விம்மலாம்ல! உங்களை நெனைச்சு நான் என்னிக்கு விம்முனேன், சொல்லுங்க?” என்று சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

அவன் சிரிக்கவில்லை. “பாடினது போதும்மா. மூச்சு அடைச்சுடும்னு பெரியாஸ்பத்திரியில சொன்னாங்கல்ல?”

“ஒரே ஒரு மேடை. எல்லார்கிட்டயும் நேர்ல சொல்லிட்டு வந்துடறேன்.”

அரங்கு நிரம்பி வழிந்தது. பாடுவதற்கு முன் மைக்கைப் பிடித்துச் சொன்னாள்: “அது விம்மல் இல்லீங்க. பஞ்சு. நெஞ்சுக்குள்ள உக்காந்துக்கிட்டு மூச்சை விடமாட்டேங்குது. எங்கக்காவையும் அதுதான் கொண்டுபோச்சு.”

பிறகு கைதட்டல்.

“அடடா, கவிதை!” என்றார் முன்வரிசைப் பெரிய மனிதர் ஒருவர்.

“விம்மல் பாட்டு! விம்மல் பாட்டு!” என்று பின்னாலிருந்து கூச்சல்.

பாடினாள். அந்த வரி வந்தது. குரல் உடைந்தது, உடைந்தது திரும்பி வரவில்லை. வாயைத் திறந்து காற்றைத் தேடினாள். அந்தத் தேடலும் ஒலிபெருக்கியில் கேட்டது. அரங்கமே எழுந்து நின்று தட்டியது.

“தட்டாதீங்கய்யா! தட்டாதீங்க!” என்று அலறியபடி நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு ஓடினான் ஃபிட்டர். மேடையேறி அவளை மடியில் சாய்த்தபோது மூச்சு இல்லை. முன்வரிசைக் கைகள் நின்றன. பின்வரிசையில் இன்னும் தட்டிக்கொண்டிருந்தார்கள்.