புழு இல்லாத சாம்பிள்

வசந்தகுமாரி கோபத்தை ஆறவிடாமல் வைத்திருக்கத் தெரிந்தவள்.

பல்கலைக்கழகத்தின் ஒட்டுண்ணியியல் துறையில் மலத்தையும் ரத்தத்தையும் மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சொல்வது அவள் வேலை. அதிலேயே தலை நரைத்தாயிற்று. புக்கிட் பாஞ்சாங் வீட்டில் கணவர் மாணிக்கம், "சாப்பிடும்போது ஆபீஸ் கதை வேணாம் லா" என்பார். வேலையைப் பற்றி அவள் பேசுவதில்லை. பேசியதெல்லாம் பாக்கியலட்சுமியைப் பற்றித்தான்.

பாக்கியலட்சுமிக்கும் அதே துறை, அதே வேலை. வயதில் கொஞ்சம் இளையவள். மாணவர்களின் செய்முறை வகுப்புக்கு யார் பொறுப்பு என்ற பேச்சு வந்தபோது, துறைத் தலைவர் ஸ்ரீராமிடம், "அக்காவுக்குக் கண்ணு முன்ன மாதிரி இல்ல சார். பாவம், எது முட்டை, எது காத்துக்குமிழின்னு தடுமாறுறாங்க" என்று சொல்லிவிட்டாள். சுத்தப் பொய். பொறுப்பு அவளுக்குப் போனது. அப்போது அந்த அறையில் இருந்த சக ஊழியை ஜைனப், தான் ஓய்வுபெற்ற பிறகு ஒருநாள் தேக்கா மார்க்கெட்டில் பார்த்தபோதுதான் விஷயத்தைச் சொன்னாள். வசந்தகுமாரி மீனை வெட்டச் சொல்ல மறந்து, முழுசாக வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

செய்முறை வகுப்பில் புழு உள்ள மலத்தோடு, புழுவே இல்லாத ஒன்றையும் கலந்து வைப்பார்கள். இல்லாததை இல்லை என்று சொல்லவும் மாணவர்களுக்குத் தெரிய வேண்டும். அந்தச் சுத்தமான சாம்பிளைப் பொறுப்பாளர் தன்னுடையதாகவே கொண்டுவருவது துறையின் பழக்கம். யாரும் கூச்சப்படுவதில்லை. ஆனால் சோதித்துவிட்டுத்தான் வைக்க வேண்டும்.

பாக்கியம் சோதிக்கவில்லை. "என்னோடதுதானே அக்கா, இதுல பார்க்க என்ன இருக்கு? ஸ்லைடு மட்டும் போட்டு வைங்க" என்று டப்பாவை வைத்துவிட்டுப் போனாள்.

வசந்தகுமாரி பார்த்தாள். அயோடின் மஞ்சளில் ஓர் இளம்புழு கிடந்தது. பக்கத்தில் இன்னொன்று. வாய்க்குழி குட்டை, ஸ்ட்ராங்கிலாய்டிஸ் என்ற புழு. மண்ணிலிருந்து வெறுங்கால் வழியாக உடம்பில் ஏறுவது. ஜொகூர் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவள் பாக்கியம். அந்த வயதில் ஏறியது இத்தனை காலம் குடலில் சத்தமில்லாமல் குடும்பம் நடத்தியிருக்கும்.

வசந்தகுமாரிக்குச் சிரிப்பு வந்தது. திங்கட்கிழமை வகுப்பு. 'புழு இல்லை' என்று பாக்கியம் வைக்கும் ஸ்லைடில் யாராவது ஒரு மாணவி புழுவைப் பிடிப்பாள். ஸ்ரீராம் அதைப் பெரிய திரையில் போடுவார். அதுவரை வாயைத் திறக்கக் கூடாது. அன்று வீட்டுக்குப் போகும் எல்.ஆர்.டி. ரயிலில் உட்கார இடம் கிடைக்காததுகூட அவளுக்கு உறைக்கவில்லை.

மறுநாள் காலை துறையில் டீ போடும் பேன்ட்ரியில் பாக்கியம் சின்ன வெள்ளை மாத்திரைகளை விழுங்கிக்கொண்டிருந்தாள்.

"என்னது?"

"மூட்டு வலிக்கு அக்கா. ஸ்டீராய்டு. நேத்துதான் ஆரம்பிச்சேன்."

வசந்தகுமாரி கடித்த ரொட்டியைத் தட்டில் வைத்தாள். ஸ்டீராய்டு உடம்பின் காவலைத் தளர்த்தும். காவல் தளர்ந்தால் அந்தப் புழு பெருகி, நுரையீரல்வரை பரவி, ஆளையே முடித்துவிடும். அவமானப்பட வேண்டியவள் உயிரோடு இருக்க வேண்டும். செத்துவிட்டால் மாலை போட்டு நல்லவளாக்கிவிடுவார்கள்.

"வா, ஒரு ஸ்லைடு இருக்கு. எனக்குத்தான் கண்ணு தெரியாதே, நீ பார்த்துச் சொல்லு."

பாக்கியத்தின் முகம் மாறியது. வந்து மைக்ராஸ்கோப்பில் குனிந்தாள். வெகுநேரம் நிமிரவில்லை.

"இது யாரோடது அக்கா?"

"நீ குடுத்த டப்பா. நல்லாப் பாரு, காத்துக்குமிழியா இருக்கப் போவுது."

பாக்கியம் நாற்காலியைத் தடவி உட்கார்ந்தாள். அவளுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. மாத்திரையும் புழுவும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று அவளே மாணவர்களுக்குப் பாடம் எடுத்திருக்கிறாள்.

"மாத்திரையை நீயா நிறுத்தாதே. ஆஸ்பத்திரியில சொல்லி, அவங்க சொல்றபடி செய். கிளம்பு, நானும் வர்றேன்."

டாக்சியில் பாக்கியம் அவள் கையைப் பிடித்தாள். "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க அக்கா."

வசந்தகுமாரி கையை உருவிக்கொண்டாள். "நான் ஏன் சொல்றேன்? நீயே சாருக்கு ஃபோன் போட்டுச் சொல்லு. புழுவையும் சொல்லு, என் கண்ணையும் சொல்லு. ஸ்பீக்கர்ல போடு."

பாக்கியம் போட்டாள். புழுவைச் சொல்லி முடித்தாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "அக்கா கண்ணைப் பத்தி அன்னிக்குச் சொன்னது... அது பொய் சார்" என்று முனகினாள்.

"ஹலோ? கடைசியா சொன்னது கேக்கல" என்றார் ஸ்ரீராம்.

வசந்தகுமாரி ஃபோனை வாங்கி பாக்கியத்தின் வாயருகில் பிடித்தாள்.

"கேக்கலையாம். சத்தமா சொல்லு."