யெர்கோ மேலே போன விதம்

எங்கள் தீவில் யெர்கோவின் வாய்க்குத் தப்பியவர் யாருமில்லை. அடுத்த தீவிலிருந்து கட்டிக்கொண்டு வந்த மனைவி லூட்சேயையே நாற்பது வருஷமாக 'வந்தேறி' என்றுதான் கூப்பிட்டார். அப்படிப்பட்டவர் நேபாளத்துக்காரர்களை விட்டுவைப்பாரா?

ஊர் இளவட்டங்கள் எல்லாம் அயர்லாந்துக்குப் போய்விட்டார்கள். மலைமேல் ஆலிவ் பழுத்துக் கொட்டிக் கிடந்தது. கீழே சுமந்து வர ஆளில்லை. நான் நடத்தும் எண்ணெய் ஆலைக்குப் பூட்டுப் போடும் நிலை. வேறு வழியில்லாமல் நேபாளத்திலிருந்து லோக்ராஜையும் அவன் கூட்டாளிகளையும் வரவழைத்தேன். துறைமுகத்துக் காபிக் கடையில் யெர்கோ எனக்குத் தினமும் அர்ச்சனை நடத்தினார்.

"ஊரை வித்துட்டியேடா."

"உங்க பையன் தூயே டப்ளின்ல என்னண்ணே பண்றான்?"

"அது வேற. அவன் உழைக்கப் போயிருக்கான்."

"இவனுங்க மட்டும் கடல்ல குளிக்கவா வந்தானுங்க?"

உடனே கடைக்காரரைக் கூப்பிடுவார். இன்னொரு காபி வரும், என் செலவில்.

லோக்ராஜ் முதுகில் சுமந்தது ஒரு பருவம்தான். மறு பருவம் மலை உச்சிக்கும் ஆலைக்கும் இடையே இரும்புக் கம்பி கட்டி, இரண்டு தொட்டில்களைத் தொங்கவிட்டான். பாரமான தொட்டில் இறங்க, அந்தப் பாரமே லேசான தொட்டிலை மேலே இழுத்துவிடும். மோட்டார் கிடையாது. "எங்க மலையில உருளைக்கிழங்கு இப்படித்தான் இறங்கும்" என்றான். கைவிட்ட தோப்புகளிலிருந்தெல்லாம் ஆலிவ் இறங்கியது. எண்ணெய் கப்பலேறியது. மூடிக் கிடந்த ரொட்டிக் கடைகூடத் திறந்தது. அங்கே முதல் ரொட்டியை வாங்கியவர் யெர்கோ. தின்றுகொண்டே திட்டினார்.

அவருடைய தோப்பு மட்டும் உச்சியில், ஊர்க் கல்லறைத் தோட்டத்தை ஒட்டி, பறிக்க ஆளில்லாமல் நின்றது. "என் மரத்தை வந்தேறி தொடக்கூடாது. என் சவப்பெட்டியை நம்ம ஊர்க்காரன்தான் தோள்ல தூக்கணும்" என்று லூட்சேயிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு, அறுவடை மாதத்தில் கண்ணை மூடினார்.

ஊர்க்காரர்கள் திரண்டோம். எனக்கு முதுகுவலி, பாதிரியாருக்கு மூட்டுவலி, மற்றவர்களுக்கு எல்லா வலியும். மகன் தூயே டப்ளினிலிருந்து வந்தான், கைப்பேசித் திரையில். பெட்டியைத் தூக்கினோம். மலைப்பாதை தொடங்கும் இடத்தில், என் ஆலை வாசலிலேயே, இறக்கி வைத்துவிட்டோம்.

லூட்சே லோக்ராஜைப் பார்த்தாள்.

"தம்பி, தொட்டில் இவரைத் தாங்குமா?"

"தாங்கும்மா. ஆனா இவர் மேல போகணும்னா, இவரைவிடப் பாரமா ஏதாவது கீழ வரணும். எதை ஏத்துறது?"

"மேல, கம்பி பக்கத்துலயே இவர் தோப்புதான் காய்ச்சுத் தொங்குதே. பறிச்சு ஏத்து."

"தொடக்கூடாதுன்னாரேம்மா."

"நானும் வந்தேறிதான். நான் சொல்றேன், பறி."

பறித்தார்கள். யெர்கோவின் ஆலிவ் மூட்டைகள் இறங்க இறங்க, யெர்கோ மேலே போனார். பாதி வழியில் இரண்டும் ஒன்றையொன்று கடந்தன. நாங்கள் தொப்பியைக் கழற்றினோம். எனக்குச் சிரிப்பு வந்தது; தொப்பியால் வாயை மறைத்துக்கொண்டேன்.

லூட்சே அழவில்லை. அண்ணாந்து பார்த்துச் சொன்னாள்:

"வந்தவங்க ஏத்திவிட்டிருக்காங்க. வாயை மூடிட்டுப் போய்ச் சேருங்க."