எட்டாம் நம்பர், இடது

அருவிச் சத்தத்துக்கு முன்னால் வாசம் வரும். நல்லெண்ணெய், ஈரத் துண்டு, நேந்திரம் சிப்ஸ் பொரிக்கும் புகை... குற்றாலம்.

மெயின் அருவியில் அப்பா செருப்புகளை ஒரே இடத்தில் கழற்ற மாட்டார். ஒன்று சிப்ஸ் கடை ஓரம். இன்னொன்று படிக்கட்டுக்கு அந்தப் பக்கம்.

"ஒத்தச் செருப்ப எவன்லே தூக்குவான்?"

ஒருமுறைகூடத் தொலைந்ததில்லை.

பிறகு சர்க்கரை நோயில் அவருடைய வலது காலை எடுக்க வேண்டி வந்தது. செருப்பு ஜோடியாகத்தானே விற்கிறார்கள். தென்காசிக் கடையில் கேட்டேன்.

"ஒத்தையா குடுத்தா மத்தத நான் என்ன செய்ய தம்பி?"

நியாயம்தான். சர்க்கரைக்காரர்கள் போடும் மெத்துச் செருப்பு சீக்கிரம் தேயும். இடது தேயத் தேய, புது வலதுகள் கட்டிலுக்கடியில் சேர்ந்தன. எறிய அப்பாவுக்கு மனமில்லை.

நான் பெங்களூரில் இருந்து இணையத்தில் தேடினேன். கால் இழந்தவர்கள் செருப்பு மாற்றிக்கொள்ளும் குழு ஒன்று இருந்தது. எழுதினேன்: எட்டாம் நம்பர். இடது வேண்டும். வலது இருக்கிறது.

வந்த பதில்கள்... இடது கால் இல்லாதவருக்கு ஆறாம் நம்பர். எட்டாம் நம்பர்காரருக்கு அப்பாவைப் போலவே வலது இல்லை. ஒருவர் செயற்கைக் கால் விற்க வந்தார். எல்லோரிடமும் ஒரு பாதி இருந்தது. யாருடையதும் யாருக்கும் சேரவில்லை.

பல மாதம் கழித்து சாகுல் பாய் கிடைத்தார். சவூதியில் விபத்தில் இடது கால் போனவர். எட்டாம் நம்பர். ஊர், பக்கத்துக் கடையநல்லூர்.

போனிலேயே சிரித்தார். "ஆளுக்கு ஒரு கால். அண்ணாச்சியும் நானும் சேந்தா ஒரு முழு ஆளு, என்ன தம்பி?"

ஆனால் அவருக்கு வேண்டியது ஷூ. வேலை தேடிக்கொண்டிருந்தார். "இந்த ஆஸ்பத்திரிச் செருப்போட போயி நின்னா எவன் வேல குடுப்பான்?" அப்பா ஷூ போட்டால் புண் வரும்.

"மிச்சக் கால் இருக்கதே பெருசு. ஸ்டைலு வேற கேக்குதோ அவனுக்கு?" என்றார் அப்பா.

பேச்சு அதோடு நின்றது.

ஐப்பசி மழையில் பாய் கூப்பிட்டார். "வேல ஒண்ணும் அமையல தம்பி. செருப்பே போட்டுக்கிடுதேன். கொண்டாங்க."

அந்த வாரம்தான் அப்பாவின் இடது பாதத்தையும் எடுத்திருந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் அப்பாவிடம் பாய் கேட்டதைச் சொன்னேன்.

"எல்லா வலதையும் கொண்டு போயிக் குடு. எனக்கு ஆனதச் சொல்லிராத. வாங்க மாட்டான்."

கொண்டுபோனேன். பாய் ஊன்றுகோலைச் சாய்த்துவைத்துவிட்டுப் போட்டுப் பார்த்தார். அளந்து செய்ததுபோல இருந்தது. உள்ளே போய் ஒரு பையோடு வந்தார். புது மெத்துச் செருப்பு. இடது மட்டும்.

"ஜோடியா வாங்கினேன். வலது எனக்கு, இது அண்ணாச்சிக்கு. சும்மா வாங்கிக்கிட்டா ஒரு மாதிரி இருக்கும்லா."

வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் அவரிடமிருந்து செய்தி. "அண்ணாச்சிக்கு அளவு சரியா இருக்கா?"

"சரியா இருக்கு" என்று எழுதினேன்.

நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது மெயின் அருவியிலிருந்து ஐந்தருவிக்கு அப்பா நடந்தே போவார். நாங்கள் பின்னால் ஓடுவோம். வருகிறோமா என்றுகூடப் பார்க்க மாட்டார்.

இந்தச் சாரல் சீசனில் அவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனேன். மூச்சு வாங்க ஒரு நிமிடம் நின்றாலும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.